ஒற்றைக்குடத்து ஓரம்

விசிறிமேட்டில் தண்ணீர் பெருக ஆரம்பித்த காலையில் தையல்காரர் இருளப்பன் தன் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் என்று சிலரும், இல்லை, கீழே விழுந்த ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார் என்று சிலரும் சொல்கிறார்கள்; எப்படியானாலும் அவர் குனிந்திருந்தார், குனிந்த இடத்தில் தரை வெடித்திருந்தது, வெடிப்பிலிருந்து தண்ணீர் வந்தது, அவசரத்துக்கு அவர் வைத்த பிளாஸ்டிக் குடம் நிறைந்ததும் நின்றுவிட்டது. மறுநாள் விடியலிலும் ஒரு குடம் வந்தது. அதற்கு அடுத்த நாளும் ஒரு குடம்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத சரிவு அது. மேலே ஏலக்காய்த் தோட்டத்தை மூடியபோது வேலை போனவர்களுக்கென்று, இரண்டு வறண்ட ஓடைகளுக்கு நடுவே, உச்சியில் கூர்ந்து கீழே போகப்போக விரிகிற அந்த மேட்டைக் கொடுத்திருந்தார்கள். உச்சியில் ஒரு வீட்டுக்குத்தான் இடம் இருந்தது, அதற்குக் கீழே இரண்டு வீட்டுக்கு, அதற்குக் கீழே மூன்று வீட்டுக்கு, இப்படியே ஏழு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் வலது தோளுக்கு மேலே ஒரு வீடும் இடது தோளுக்கு மேலே ஒரு வீடும் தெரியும். ஓரத்து வீடுகளுக்கு மட்டும் ஒரு தோளில் வீடும் மறு தோளில் ஓடையின் வெறும் காற்றும்.

காமுத்தாயின் வீடு அப்படி ஓரத்து வீடு. ஐந்தாம் வரிசையில், இடது கோடி. புருஷன் செல்லாண்டி போடி சந்தையில் மூட்டை தூக்கப் போய்விடுவான். அவள் அல்லி என்று பேர் வைத்த எருமையை வைத்துக்கொண்டு, கீழே ரோட்டோர டீக்கடைக்குப் பால் ஊற்றிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒருதரம் லாரியில் வரும் தண்ணீரில் முக்கால்வாசியை அல்லியே குடித்துவிடும், மீதியில்தான் மனிதர்கள் இரண்டு பேரும்.

இருளப்பன் ஒற்றைக்கட்டை. ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு தனியாளாய் என்ன செய்வது என்று, தனக்குக் கீழே இருந்த இரண்டு வீட்டில் இடது வீட்டுக்கு அதை அப்படியே கொண்டுபோய் ஊற்றினார். காலிக்குடத்தோடு திரும்பியவர் குடம் கனப்பதைப் பார்த்தார். நிறைந்திருந்தது. வலது வீட்டுக்கும் ஊற்றினார். அப்போதும் நிறைந்திருந்தது. அவர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெட்டிப்போட்டிருந்த ஜாக்கெட் துணியைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தங்களுக்குக் கீழே இரண்டு பக்கமும் கொடுத்தார்கள், அவர்களுக்கும் குறையவில்லை. மூன்றாம் வரிசையின் நடுவீட்டுக்கு இந்தத் தோளிலிருந்து ஒன்றும் அந்தத் தோளிலிருந்து ஒன்றுமாக இரண்டு குடம் வந்தது. நான்காம் வரிசையின் நடுவீடுகளுக்கு மூன்று மூன்று. ஐந்தாம் வரிசையில் நாலு, ஆறு, நாலு. இப்படியே கூடிக்கூடி இறங்கி, ஏழாம் வரிசையின் நட்டநடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருபது குடம் ஆகியிருந்தது. கீழே உள்ள இரண்டு வீட்டுக்கு, உள்ளது முழுவதையும், தன் கையால் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால் ஊற்றியவருக்கு உள்ளது உள்ளபடி இருக்கும். பக்கவாட்டில் கொடுத்தாலோ, காசுக்கு விற்றாலோ, இரண்டு வரிசை தாண்டிப் போய் ஊற்றினாலோ அது வெறும் தண்ணீராகிவிடும், கொடுத்தது போனதுதான். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்து பார்த்து, கை சுட்டு, தெரிந்துகொண்டார்கள்.

அதிசயம் வந்த ஊர் அதிசயத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அடுப்பு மூட்ட வேண்டும். அதனால் விடியலில் உச்சியிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கி, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் கடைசி வரிசைக்கு வந்து சேர்வது என்று ஒரு நடைமுறை தானாக அமைந்தது. பஞ்சாயத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, தையல் மிஷினை நகர்த்தச் சொல்லி, வெடிப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார். லாரித் தண்ணீர் நின்றது. நடுவீடுகளில் தக்காளி நட்டார்கள், கீரை விதைத்தார்கள், இருபது குடத்து வீட்டுக்காரி இட்லிக்கடை போட்டாள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு எத்தனை குடம் என்று முதலில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சுகந்தி டீச்சர் சுவரில் ஏழு வரிசையையும் சுண்ணாம்பால் எழுதிப் போட்டு, மேலே உள்ள இரண்டையும் கூட்டினால் கீழே உள்ளது வரும் என்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்தச் சுவரைக் காமுத்தாய் ஒருநாள் பால் ஊற்றிவிட்டு வரும் வழியில் நின்று பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்று என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை அது ஒன்றேதான், நட்டுவைத்த வேலிக்கம்பு போல.

“டீச்சர், கீழ இன்னும் வீடு கட்டுனா எங்களுக்குக் கூடுமா?”

சுகந்தி டீச்சர் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “நடுவுல கூடிக்கிட்டே போகுங்க. ஓரத்துக்கு மேல ஒரு வீடுதான இருக்கு? அந்தப் பக்கம் கூட்ட ஆளில்ல. நூறு வரிசை கட்டுனாலும் ஓரம் ஒண்ணுதான்.”

காமுத்தாய் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஊரில் அதற்குள் ஓரத்து வீட்டாருக்குப் பெயரே மாறியிருந்தது. ஒத்தக்குடத்தாக்கள் என்றார்கள். முதலில் அடையாளத்துக்குச் சொன்னார்கள், பிறகு வேறு மாதிரிச் சொன்னார்கள்.

அவளுக்கு அந்த ஒரு குடத்தை ஊற்றுகிறவள் நான்காம் வரிசை ஓரத்து ஒச்சம்மா. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒச்சம்மாவின் மகன் கல்யாணத்தன்று காலையில் வேலியில் தொங்கவிட்டிருந்த மாப்பிள்ளை மாலையைக் கட்டறுத்துக்கொண்டு வந்த அல்லி தின்றுவிட்டது. பாதி தின்ற மாலையைப் பார்த்து ஒச்சம்மா போட்ட கூப்பாடு ஓடை தாண்டிக் கேட்டது. அந்த மருமகள் ஒரு மழைக்காலம்கூடத் தங்காமல் தாய்வீடு போனபோது, எருமை தின்றது மாலையை இல்லை, என் குடும்பத்தை என்று ஒச்சம்மா சொன்னாள். “வாயில்லா சீவன் செஞ்சதுக்கு என்னத்த செய்ய” என்று காமுத்தாய் சொன்னாள். அதோடு சரி. அப்புறம் மகன் திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஒச்சம்மா தனியானாள். ஆனாலும் தண்ணீர் வந்த நாள் முதலாக விடிந்ததும் குடத்தோடு இறங்கி வருவாள், முகத்தை ஓடைப் பக்கம் திருப்பிக்கொண்டு காமுத்தாயின் தொட்டியில் ஊற்றுவாள், ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போவாள். காமுத்தாயும் அந்த நேரத்துக்கு எருமைக்குப் பக்கத்தில் குனிந்து ஏதாவது வேலை பார்ப்பாள்.

அல்லி சினையானது. சினை எருமைக்கு ஒரு குடம் எந்த மூலைக்கு? செல்லாண்டி சந்தையிலிருந்து கேனில் தண்ணீர் தூக்கி வந்து பார்த்தான், முதுகு போனது. மூன்றாம் வரிசை ஓரத்து வீட்டுச் சவரியம்மாவுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தேவமாதா படத்துக்கு முன்னால் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற, மெழுகுவர்த்தி மாதிரியே ஒல்லியான மனுஷி. தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒச்சம்மா வீட்டைத் தாண்டி, நேராகக் காமுத்தாய் வாசலுக்கு வந்து ஊற்றினாள். வீட்டுக்குத் திரும்பியபோது அவள் குடம் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அவள் வீட்டில் உலை வைக்கவில்லை.

“நீங்க ஏன்க்கா பட்டினி கெடக்கணும்? இது நமக்கு எழுதுனது” என்று காமுத்தாய் அழுதாள். தன் குடத்திலிருந்து பாதியை ஒரு வாளியில் எடுத்துப்போய்ச் சவரியம்மாவுக்குக் கொடுத்தாள். அதுவும் வெறும் தண்ணீர்தான், கொடுத்த அளவு குறைந்தது.

பிறகு ஒருநாள் விடிந்தும் ஒச்சம்மா வரவில்லை. காமுத்தாய் எருமைக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ரொம்ப நேரம் இருந்து, கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள். மேல்வீட்டில் பூட்டுத் தொங்கியது. மகனிடம் போய்விட்டாளாம், முதல் பஸ்ஸுக்கே, ஒரு பையோடு.

அன்றைக்குக் காமுத்தாயின் தொட்டிக்கு ஒன்றும் வரவில்லை. அவளிடம் இல்லாததால் அவளுக்குக் கீழே ஆறாம் வரிசை ஓரத்தில், கைக்குழந்தைக்காரி பூவாத்தாவுக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கீழே மாரநாடு வீட்டுக்கும் இல்லை. அது ஓரத்தோடு நின்றிருந்தால் ஊர் கண்டுகொண்டிருக்காது. ஆனால் நாலு குடத்து வீட்டில் மூன்றுதான் வந்தது, அதற்குக் கீழே ஐந்து மூன்றானது, கடைசி வரிசையில் ஆறு குடத்து வீட்டுக்கு மூன்றே குடம், பதினைந்து குடத்து வீட்டுக்குப் பன்னிரண்டு. இருபது குடத்து இட்லிக்கடைக்காரி பாத்திரத்தை மூன்று தரம் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்றாள். ஒரு கோடி வீட்டின் பூட்டு இப்படி நடுவீடு வரைக்கும் வந்து தொட்டது எல்லோருக்கும் புதிதாக இருந்தது. சுகந்தி டீச்சர் சுவரில் ஓரத்து ஒன்றை அழித்துச் சுழி போட்டு, அதற்குக் கீழே சரிவாக எண்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதியபோது, சுற்றி நின்றவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

பூட்டை உடைத்து யாரோ ஒருவருடைய மச்சானை அந்த வீட்டில் குடிவைத்தார்கள். சவரியம்மா அவன் குடத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள், குடம் நிறையவில்லை, தரையும் நனையவில்லை. அவன் பயந்துபோய் மத்தியானமே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

அந்த வீட்டுத் தண்ணீர் ஒச்சம்மா கைக்குத்தான் வரும் என்று தெரிந்துபோக, சாயங்காலம் ஊர் கூடியது. கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி, கடைசியில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

“அந்தம்மா போனதே ஒன்னாலதான் காமுத்தாயி” என்றாள் இட்லிக்கடைக்காரி. “ஒன் எருமையாலதான்.”

“என் தொட்டிதான் காஞ்சு கெடக்கு. ஒனக்குப் பத்தொம்பது வருது. நீ போயி கூப்பிடு.”

“நான் கூப்பிட்டா எதுக்கு வரப்போகுது? என் மொகம் அதுக்குத் தெரியுமோ என்னமோ.”

அது உண்மைதான். ஓரத்தில் தனியாக இருந்தவளிடம் ஊரில் யார் போய்ப் பேசினார்கள்? அன்றைக்குப் பூவாத்தாவின் குழந்தைக்கு வாய் துடைக்கக்கூட யார் வீட்டிலிருந்தோ கால் குடம் கடன் வாங்கியிருந்தார்கள். காமுத்தாய் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். வயிறு தொங்கிப்போய் நிற்கும் அல்லியைச் சவரியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலை திருப்பூர் பஸ் ஏறினாள்.

திருப்பூரில் சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு காம்பவுண்டு, காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக ஒற்றை அறை வீடுகள், நடுவில் ஒரு குழாய். குழாயடியில் பத்துப் பதினைந்து பெண்களின் வரிசை. அந்த வரிசையில் கடைசி ஆளாக ஒச்சம்மா. யாரோ குறுக்கே புகுந்து குடத்தை வைத்தாள். விசிறிமேட்டில் என்றால் ஒச்சம்மா அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இங்கே ஒன்றும் சொல்லாமல் தன் குடத்தை ஓர் அடி பின்னால் நகர்த்திக்கொண்டாள். அதைப் பார்த்த காமுத்தாய் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“மதினி” என்று கூப்பிட்டாள். அந்த வார்த்தை வாயில் வந்து வருஷக்கணக்காகியிருந்தது.

ஒச்சம்மா திரும்பிப் பார்த்து, குடத்தைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தாள். “என்ன, எரும செத்துருச்சா?”

“அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லாயில்ல.”

“தண்ணி நின்னுருச்சாக்கும். அதான் தேடி வந்துருக்க.”

“ஆமா, நின்னுருச்சு. பொய் சொல்ல மாட்டேன். பூவாத்தா பிள்ள தவிக்குது, அதான் வந்தேன்.” காமுத்தாய் அவள் குடத்தைத் தன் பக்கம் இழுத்து வரிசையில் முன்னால் நகர்த்தினாள். “ஆனா பஸ்ஸுல வர்றப்ப நெனச்சுக்கிட்டே வந்தேன். காலைல நீங்க எறங்கி வர்ற சத்தம் கேக்கலன்னா எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்ல மதினி.”

“தெனமும் வந்து ஊத்துனேனேடி. ஒரு நாளு, ஒரு வார்த்த பேசியிருப்பியா?”

“நீங்க மூஞ்சிய ஓடப்பக்கம் திருப்பிக்கிட்டு ஊத்துனீங்க.”

“நீ எருமைக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு இருந்த. நான் யாருகிட்ட பேச? ஓடைகிட்டயா?” ஒச்சம்மா குரலைத் தணித்தாள். “அந்தக் கல்யாணம் போனது எருமையால இல்லன்னு எனக்கும் தெரியுமடி. அந்தப் பிள்ளைக்கு மல மேல இருக்கப் பிடிக்கல, இங்க வந்ததும் மகன்தான் சொன்னான். எனக்கு யாரு மேலயாச்சும் போட வேண்டியிருந்துச்சு. விடிஞ்சா ஒரு குடம், அடைஞ்சா ஒரு வெளக்கு, ஒத்தக்குடத்தான்னு ஒரு பேரு. பேச ஆளில்லாத எடத்துல எதுக்குக் கெடக்கணும்?”

“இங்க பேச ஆளிருக்கா?”

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மகனும் மருமகளும் நல்லவர்கள்தான். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்து கறிக்குழம்பு வைத்துக் காமுத்தாயைச் சாப்பிடச் சொன்னார்கள், அறையில் நாலு பேருக்குக் காலை நீட்ட இடமில்லாமல் மகன் வாசலில் போய்ப் படுத்தான். காலையில் ஒச்சம்மா தன் பையை எடுத்துக்கொண்டாள். “நான் பண்டிகைக்கு வர்றேன்ய்யா” என்று மகனிடம் சொன்னாள்.

விசிறிமேட்டில் அவர்கள் ஏறி வந்த மறுநாள் விடியலில், சவரியம்மா சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஒச்சம்மாவின் குடத்தில் தன் பங்கை ஊற்றினாள். அது வழக்கம்போல நிறைந்தது. பிறகு அவளைத் தன் வாசலுக்குக் கூட்டிப்போய்த் தன் குடத்தைக் காட்டினாள்.

“இத அவளுக்குக் கொண்டுபோயி ஊத்து. ஒன்னயக் கூட்டியாந்தவளுக்கு நான் குடுத்ததுன்னு சொல்லு. இன்னைக்கு ஒரு நா உலை வைக்காட்டி ஒண்ணும் குடிமுழுகிராது.”

ஒச்சம்மா முதலில் தன் குடத்தைக் கொண்டுபோய் ஊற்றினாள், பிறகு மேலே ஏறி வந்து சவரியம்மாவின் குடத்தைத் தூக்கிக்கொண்டு, தன் வாசலைத் தாண்டி, மறுபடி இறங்கினாள். “இது சவரியக்கா குடுத்தது” என்று முகம் பார்த்துச் சொல்லி ஊற்றினாள். காமுத்தாயின் தொட்டியில் இரண்டு குடம் நின்றது. திரும்ப ஏறும்போது ஒச்சம்மாவின் இடுப்பில் இருந்த காலிக்குடம் கனத்துக்கொண்டே வந்தது; சவரியம்மா வீட்டு வாசலை எட்டுவதற்குள் ததும்பிச் சேலையை நனைத்தது.

“ஆத்தே!” என்றாள் சவரியம்மா, சிலுவை போட்டுக்கொண்டு.

தாண்டிப் போய் ஊற்றியபோது காய்ந்த அதே குடம், நடுவில் இருந்தவள் தூக்கிப் போனபோது காயவில்லை. மறு தோளில் வீடு இல்லாதவளுக்கு, மேல்வீட்டுக்கும் மேல்வீடு மறு தோளானது. இது ஏன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் வேலை இருந்தது. காமுத்தாய் தன் இரண்டு குடத்தையும் பூவாத்தாவுக்கு ஊற்றினாள், பிறகு மேலே ஓடிப்போய் ஒச்சம்மாவின் குடத்தை வாங்கி வந்து பூவாத்தாவுக்கே ஊற்றினாள். பூவாத்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறி வந்து காமுத்தாயின் குடங்களை மாரநாடு வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் உச்சியில் தையல்காரர் இருளப்பனின் குடத்தை இரண்டாம் வரிசைக்காரர்கள் சவரியம்மாவுக்குத் தூக்கி வந்தார்கள். அவளுக்கு இரண்டு ஆனது, ஒச்சம்மாவுக்கு மூன்று, காமுத்தாய்க்கு ஐந்து, பூவாத்தாவுக்கு எட்டு, கடைசி வரிசை மாரநாட்டுக்குப் பதின்மூன்று.

நடுவீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஓரத்துக்குப் போனால் நமக்குக் குறையுமே என்று இட்லிக்கடைக்காரி அண்டாவுக்குப் பக்கத்தில் காவல் இருந்தாள். குறையவில்லை, இடது பக்கத்து வீடுகளில் ஏறிக்கொண்டே போனது. வலது ஓரத்துக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? அங்கேயும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடு இருந்தது. வேலித் தகராறு, கோர்ட்டு வரை போனது. ஒருவர் குடத்தை ஒருவர் தொட மாட்டேன் என்று அவர்கள் பிடித்த பிடிவாதத்தில் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் ஒரு குடத்தோடே கிடந்தது. கடைசியில் அந்த வீடுகளின் பெண்கள் இரண்டு பேரும், ஆண்கள் பேசாவிட்டால் போகிறது என்று, ஒருவரிடம் ஒருவர் குடம் வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

அந்த வாரத்தில் சுகந்தி டீச்சர் சுவரை முழுவதுமாக வெள்ளையடித்து மறுபடி எழுதினாள். பிள்ளைகள் கத்திக் கத்திப் படித்தார்கள்: ஒன்று, ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு இரண்டு, மூன்று நாலு நாலு மூன்று, ஐந்து ஏழு எட்டு ஏழு ஐந்து, எட்டு பன்னிரண்டு பதினைந்து பதினைந்து பன்னிரண்டு எட்டு, பதின்மூன்று இருபது இருபத்தேழு முப்பது இருபத்தேழு இருபது பதின்மூன்று. நடுவில் இருப்பதை மேலே உள்ள இரண்டு தோளும் கூட்டித் தரும். ஓரத்தில் இருப்பதை அதற்கு முந்தினதும் அதற்கும் முந்தினதும் கூட்டித் தரும். முப்பது குடம் வந்த அன்றைக்கு இட்லிக்கடைக்காரி ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பாரும் இலை போட்டு மூடிய இட்லியுமாக ஓரத்து வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். வைத்துவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒத்தக்குடத்தாக்கள் என்ற பேரை அதற்கப்புறம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அல்லி ஒரு கிடாரிக் கன்று போட்டது. சீம்பாலை முதலில் ஒச்சம்மா வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள் காமுத்தாய். இப்போது விடியலில் மேலே குடத்தோடு குடம் இடிக்கிற சத்தம் கேட்டதும் அவள் எழுந்து வெளியே வந்து நிற்பாள். ஒச்சம்மா இறங்கி வரும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். எதிர்வீட்டு மருமகள், ஏலக்காய் விலை, தன் முழங்கால், மகன் போனில் சொன்னது, எல்லாம் தொட்டி நிறைவதற்குள் முடிந்தாக வேண்டும். முடியாது. அதனால் தண்ணீர் இறங்குவதே தாமதமாகி, பள்ளிக்கூட மணியைத் தள்ளி அடித்தார்கள்.

அடுத்த கோடையில் ஏழாம் வரிசைக்குக் கீழே, பாறையும் கள்ளியுமாகக் கிடந்த இடத்தில், ஒரு பெண் வந்து நின்றாள். பேர் செங்கமலம், சுற்று வட்டாரத்துக் கல் குவாரிகளில் ஜல்லி உடைத்துப் பிழைத்தவள், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மூட்டை. குடிசை போட்டுக்கொள்ள இடம் கேட்டாள். மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள், காமுத்தாயும் ஒச்சம்மாவும் வந்தார்கள். பாறை தட்டிச் சமப்படுத்தினால் எட்டாவது வரிசைக்கு இடம் இருக்கிறது, நடுவிலேயே போட்டுக்கொள் என்றார் மாரநாடு.

செங்கமலம் நடுவைப் பார்க்கவே இல்லை. எந்த ஊரிலும் எது தனக்கு மிச்சமாகும் என்று பழகிப்போன கண், தானாக ஓடைப் பக்கம் போனது.

“ஓரமா ஒரு எடம் குடுத்தீங்கன்னா போதுங்க. யாருக்கும் எடஞ்சலா இருக்க மாட்டோம்.”

ஒச்சம்மா மூக்கை உறிஞ்சினாள். காமுத்தாய்தான் கேட்டாள்: “ஓரமாத்தான? சரி. அண்டா வச்சிருக்கியா?”

“ஒரு சோத்துப்பானை இருக்குங்க.”

“பானை எந்த மூலைக்கு? ஓரத்துக்கு இருபத்தொரு குடம் வரும்த்தா.”

செங்கமலம் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

குடிசைக்கு ஊரே கை கொடுத்தது. கூரை வேய்ந்து முடித்த மறுநாள் விடியலில் எல்லா வரிசைகளிலிருந்தும் பாத்திரங்கள் வந்து இறங்கின. அண்டாக்கள், டிரம்கள், இட்லிக்கடைக்காரியின் கொப்பரை, சுகந்தி டீச்சர் வீட்டு நெளிந்த அலுமினியக் குண்டான். உச்சியில் ஒரு குடமாகக் கிளம்பிய தண்ணீர் வரிசை வரிசையாகக் கூடி இறங்கி வந்தது. மாரநாடும் அவர் பெண்டாட்டியும் தங்கள் பதின்மூன்று குடத்தை ஊற்றினார்கள், பிறகு மேலே ஏறிப் பூவாத்தாவிடம் அவளுடைய எட்டையும் வாங்கி வந்து ஊற்றினார்கள். செங்கமலத்தின் பிள்ளைகள் இரண்டும் விரல் விட்டு எண்ணி, விரல் தீர்ந்து, ஒன்றின் விரலை ஒன்று இரவல் வாங்கி எண்ணின. செங்கமலம் நிறைந்த பாத்திரங்களுக்கு நடுவே, எதையும் தொடப் பயந்தவளாக நின்றாள்.

“இப்ப நீ ஒனக்குக் கீழ இருக்கிற ரெண்டு வீட்டுக்கு ஊத்தணும்” என்று ஆரம்பித்த பூவாத்தா, சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே வீடு எங்கே இருக்கிறது? வெறும் சரிவு, வெயிலில் வெளுத்த பாறை. “ஒனக்குக் கீழ ஆளில்ல. ஒனக்கு அந்த வேலை இல்ல. நீ பொழங்கிக்க.”

செங்கமலம் அந்தச் சரிவைப் பார்த்தாள். பிறகு ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இடது பக்கம், ஒரு வீட்டு வாசல் இருக்கக்கூடிய தூரத்தில் நின்று, மண்ணில் ஊற்றினாள். அடுத்த குடம், அதற்கடுத்த குடம் என்று போய்ப் போய் வந்தாள். அவளுடைய பிள்ளைகளும் ஆளுக்கொரு சொம்பில் மொண்டு ஓடினார்கள். பிறகு வலது பக்கம். யாரும் தடுக்கவில்லை. ஈரம் பட்ட இடத்தில் பாறைத்தூசி கருத்து, மண் வாசம் எழுந்து மேலே வந்தது.

“அங்க யாருக்குத்தா ஊத்துற?” என்று ஒச்சம்மா கேட்டாள்.

“வர்றவங்களுக்குங்க” என்றாள் செங்கமலம், மூச்சு வாங்கிக்கொண்டு. “எங்களாட்டம் யாராச்சும் வருவாங்கல்ல.”

காமுத்தாய் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு சொட்டுக் குறையாமல் விளிம்பு வரை தண்ணீர் நின்றது.